ஜப்பான் அட்டைக்குப் பின்னால் ஒரு கதை

ஜிந்துப்பிட்டியில் எங்கட செட்டில் மூணு பேர் இப்ப ஜப்பான் மொழி படிக்கிறாங்க. கோயிலடியில் கூடினால் கிரிக்கெட் போய், ஹிரகானா எழுத்தும் ஏஜென்சி காசும்தான் பேச்சு. வகுப்பில் அவங்க முதலில் கேட்ட சரித்திரம், ஜே.ஆர். ஜெயவர்தனவின் சான் பிரான்சிஸ்கோ பேச்சு. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பில் குண்டு போட்ட நாடு ஜப்பான். 1951 செப்டம்பர் 6இல் நிதியமைச்சர் ஜே.ஆர்., புத்தரின் வார்த்தையைச் சொல்லி, அந்த ஜப்பானிடம் இலங்கை நட்டஈடு கேட்காது என்று அறிவித்தார். ‘அதனால அங்க எங்களுக்கு நல்ல மதிப்பு’ என்று வந்து சொன்னான் ஒருத்தன்.

கதை உண்மைதான். ஆனால் பாதிக் கதை.

அந்தச் சமாதான ஒப்பந்தம் 1952 ஏப்ரல் 28இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கப் பிடியிலிருந்து ஜப்பான் விடுபட்ட அதே நாளில், அங்கே வாழ்ந்த சுமார் 6 இலட்சம் கொரியர்களின் ஜப்பானியப் பிரஜாவுரிமை பறிபோனது. 1910இல் ஜப்பான் கொரியாவைப் பிடித்த பிறகு, பிழைப்புக்குப் போனவர்களும் கட்டாய வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் இவர்கள். ஜப்பானிலேயே பிறந்து, ஜப்பான் மொழி மட்டுமே தெரிந்தவர்களும் ஒரே நாளில் ‘வெளிநாட்டவர்’ ஆனார்கள். பதிவு அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். 1955 முதல் கைரேகையும் கொடுக்க வேண்டும்.

இது நாங்கள் கேட்காத கதையா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் சுமார் 7 இலட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கியது. அந்த அமைச்சரவையிலும் நிதியமைச்சர் ஜே.ஆர்.தான். ஜப்பானுக்குப் பெருந்தன்மை காட்டிய அரசு, சொந்த மண்ணில் தேயிலை பறித்தவர்களுக்கு அதைக் காட்டவில்லை.

கொரியர்கள் சும்மா இருக்கவில்லை. 1980இல் ஹான் ஜோங்சொக் என்பவர் டோக்கியோவின் ஷின்ஜுகு அலுவலகத்தில் கைரேகை வைக்க மாட்டேன் என்றார். சிறை வரை போகக்கூடிய குற்றம் அது. இருந்தும் ஆயிரக்கணக்கானோர் அவர் வழியில் போனார்கள். வெளிநாடு போய்த் திரும்பி வரும் அனுமதி பலருக்கு மறுக்கப்பட்டது. கடைசியில் 1993இல் நிரந்தர வதிவாளர்களுக்கும், 2000இல் எல்லோருக்கும் அந்தப் பதிவுக் கைரேகை நீங்கியது. (2007 நவம்பரில் விமான நிலையத்தில் கைரேகை எடுப்பது தொடங்கியது வேறு கதை.)

இன்று எங்கட நண்பர்கள் போய் இறங்கினால், வீடு எடுத்து 14 நாளுக்குள் நகர அலுவலகத்தில் விலாசம் பதிய வேண்டும். வதிவிட அட்டை எப்போதும் பொக்கெட்டில் இருக்க வேண்டும். வீடு கிடைப்பதும் லேசில்லை. 2017இல் வெளியான ஜப்பான் நீதி அமைச்சின் ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் பத்துக்கு நாலு பேர் அளவில், வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள்.

அட்டை, பொலிஸ் பதிவு, ‘ஏன் இங்க இருக்கிற?’ என்ற கேள்வி எல்லாம் எங்கட ஆட்களுக்குப் பழக்கம். 2007 ஜூன் 7 விடியற்காலை, கொழும்பு லொட்ஜ்களிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. சொந்த நாட்டிலேயே அப்படி என்றால், அந்நிய நாட்டில் கடதாசி காலாவதியானால் என்ன ஆகும்?

விஷ்மா சந்தமாலியைக் கேளுங்கள் என்று சொல்ல அவர் இல்லை. 2017இல் மாணவியாகப் போன இலங்கைப் பெண். விசா போனது. 2020 ஓகஸ்டில், கூட வாழ்ந்தவரின் வன்முறைக்குப் பயந்து பொலிஸுக்குப் போனவரை நாகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் அடைத்தார்கள். 2021 மார்ச் 6இல், 33 வயதில், அங்கேயே உடல் நலிந்து இறந்தார். ஜப்பானியர்களே வீதிக்கு வந்தார்கள். குடிவரவுச் சட்டத் திருத்தத்தை அரசு அந்த மே மாதம் கைவிட்டது. 2023இல் திரும்பக் கொண்டுவந்து நிறைவேற்றியது.

போகாதே மச்சான் என்று நாங்கள் சொல்லவில்லை. வீட்டுக் கடன் எங்களுக்கும் தெரியும். ஆனால் ஜே.ஆரின் பேச்சு உன்னைக் காப்பாற்றாது. அங்கே கைரேகை வைக்க மாட்டேன் என்று நின்றவர்கள்தான் உனக்கும் கொஞ்சம் இடம் எடுத்துத் தந்தவர்கள். விசா திகதியை வீட்டு ஆட்களிடமும் சொல்லி வை. சிக்கல் வந்தால் வெட்கப்படாமல் எங்களுக்கு ஒரு கோல் எடு.