மண்ணோடு பிடுங்கப்படும் மலையக மலர்கள்

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் வீதியில், ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள சிற்றூர் கந்தப்பளை. தேயிலையும் மரக்கறித் தோட்டங்களும் சூழ்ந்த இவ்வூரை அண்டி, கந்தப்பளை - சீதாஎலிய ஒதுக்குக்காடு இன்றும் எஞ்சி நிற்கிறது. முன்னாளில் இம்மலைகளைப் போர்த்தியிருந்த பெருங்காட்டின் ஒரு துண்டு அது.

அக்காட்டை அழித்தவர் யார்? 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைப் பற்றியபின் தேயிலைக்காகவும் ஆங்கிலேயத் துரைமார் மலைகளை மொட்டையாக்கினர். வெட்டிய கைகளில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருடையவையும் இருந்தன; ஆணையும் ஆதாயமும் அவர்களுடையவை அல்ல. மரங்களோடு, அவற்றில் ஒட்டி வாழ்ந்த ஓர்க்கிட் செடிகளும் எரிந்தன. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைக் காக்குமாறு 1873இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் வலியுறுத்திய பின்னரே அழிப்பு ஓரளவு தணிந்தது.

காடு சுருங்கியபின் வந்தது இன்னோர் ஆபத்து. அழகுக்காகவும் மருந்துக்காகவும் காட்டுச் செடிகளைத் திருட்டுத்தனமாக எடுத்தல்.

மலைநாட்டுப் புல்வெளிகளில் பொன்மஞ்சள் நிறத்தில் பூக்கும் ஓர்க்கிட் ஒன்றுண்டு. சிங்களத்தில் 'நாகமரு அல' என்பர். இலங்கைக்கு வெளியே இது இயற்கையாக வளர்வதில்லை. 1831இல் ஆங்கில அறிஞர் லிண்ட்லி இதற்கு 'இப்சியா ஸ்பெசியோசா' எனப் பெயரிட்டார். இதன் கிழங்கு காதல் வசியத்துக்கு உதவும் என்ற நம்பிக்கையே இதற்குப் பகையாயிற்று. பூவைக் கொய்தால் செடி பிழைக்கும். கிழங்கைத் தோண்டினால் செடியே இல்லை.

ஓடைக்கரைகளில் மரம்போல் உயர்ந்து நிற்கும் பன்னங்களின் கதையும் இதுவே. வீட்டு ஓர்க்கிட்டுகளை வளர்க்க அவற்றின் நார்த்தண்டு வெட்டப்படுகிறது. ஓர் அழகை வளர்க்க இன்னோர் அழகு பலியாகிறது!

சட்டம் இல்லாமல் இல்லை. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நாகமரு அல போன்றவற்றைப் பறிப்பதைக் குற்றமாக்குகிறது. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையில் இலங்கை 1979இல் இணைந்தது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. மலை முழுவதையும் அழித்தவர்மீது வழக்கில்லை. ஒரு கிழங்கைத் தோண்டும் ஏழையே அகப்படுவான். அதற்காகத் தோண்டுவது நியாயமாகிவிடாது. பெருங்காடு இருந்த காலத்தில் ஒரு செடி போனால் ஈடுசெய்ய ஆயிரம் இருந்தன. இன்றோ எஞ்சியிருப்பது ஒரு துண்டு. விற்பவனைத் தேடுமுன், வாங்கும் கையை நாம் மடக்குவோம்.