கப்பலேறும் முன்னர்



யூபிலி ஆண்டு, பெற்ற நன்மைகளை எண்ணி நன்றி கூறும் காலம். ஆதரவற்ற நம் பிள்ளைகளுக்காகக் கடல் கடந்து வந்து உழைத்தவர்கள் பலர். வந்தபின் அவர்கள் செய்ததை அறிவோம்; வருமுன் எவ்வாறு தங்களை ஆயத்தப்படுத்திக்கொண்டனர் என்று எண்ணிப் பார்ப்பது குறைவு. இன்று நம் இளைஞரும் இளம்பெண்களும் பிறநாட்டு அநாதைச் சிறுவருக்குத் தொண்டாற்ற விரும்புகின்றனர். ஆகவே, தூய தொன் போஸ்கோ 1875-ல் அனுப்பிய முதல் மறைபரப்புக் குழுவின் ஆயத்தத்தை இங்கே நினைவுகூர்வோம்.

தொன் போஸ்கோ இரண்டு வயதிலேயே தந்தையை இழந்தவர். 1847 மே மாதத்தில் ஒரு மழை நாள் மாலை, பெற்றோரை இழந்து வேலை தேடித் தூரின் நகருக்கு வந்த ஒரு சிறுவன் அவர் வீட்டுக் கதவைத் தட்டினான். முன்பு இடங்கொடுக்கப்பட்ட சிலர் போர்வைகளை எடுத்துக்கொண்டு ஓடியிருந்தனர். இவன் சட்டி பானைகளைக் கொண்டுபோய்விடுவானோ என்று தொன் போஸ்கோவுக்கு அச்சம். ஆயினும் தாயார் மார்கரீத்தம்மாள் செங்கல் அடுக்கி, பலகை பரப்பி, அடுப்படியிலேயே அவனுக்குப் படுக்கை அமைத்தார். உழைப்பு, நேர்மை, செபம் பற்றி இரண்டு நல்வார்த்தையும் கூறினார். பின்னர் நூற்றுக்கணக்கான சிறுவர் தங்கிய இல்லம் அந்த அடுப்படியில்தான் தொடங்கியது.

1854-ல் தூரினில் காலரா பரவிற்று. நோயாளிகளைத் தூக்கவும் துடைக்கவும் ஆள் இல்லாதபோது, அந்த இல்லத்துச் சிறுவர்கள் முன்வந்தனர். 13 வயதில் அங்குச் சேர்ந்த ஜான் கலியேரோவும் அவர்களில் ஒருவர். அதே ஆண்டு அவர் கடும் காய்ச்சலில் விழுந்து, மரண வாசலைத் தொட்டுப் பிழைத்தார். பிற்காலத்தில் மறைபரப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் இவரே. ஆகவே ஆயத்தம் 1875-ல் தொடங்கவில்லை. அண்டை வீட்டு நோயாளியின் படுக்கையருகே இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

எங்கே செல்வது என்பதிலும் தொன் போஸ்கோ அவசரப்படவில்லை. எத்தியோப்பியா, ஹாங்காங், ஆஸ்திரேலியா, நம் இந்தியா என ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் ஆராய்ந்தார். அர்ஜென்டினாவிலிருந்து அழைப்பு வந்ததும், அந்நாட்டு மக்களைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தார். 1875 பிப்ரவரி 5-ல் தம் சபையினருக்குச் சுற்றுமடல் விடுத்து, மனமுவந்து செல்வோரை அழைத்தார். எவரையும் கட்டாயப்படுத்தவில்லை.

தெரிந்தெடுக்கப்பட்டவர் பத்துப் பேர். குருக்களோடு தச்சுவேலை, காலணி தைத்தல், சமையல், இசை ஆகியவற்றை அறிந்த சகோதரரும் இருந்தனர். போதனையோடு கைத்தொழிலும் கற்பித்தால்தான் ஆதரவற்ற பிள்ளை தன் காலில் நிற்பான் என்பது தொன் போஸ்கோவின் எண்ணம். அனைவரும் ஸ்பானிய மொழி பயின்றனர். நவம்பர் 1-ல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரிடம் ஆசி பெற்றனர். நவம்பர் 11-ல் சகாய அன்னை ஆலயத்தில் வழியனுப்பு விழா. அங்கே இருபது அறிவுரைகள் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கப்பட்டன. பணத்தையும் பதவியையும் அல்ல, ஆன்மாக்களைத் தேடுங்கள். நோயாளர், சிறுவர், முதியோர், ஏழைகள்மீது தனிக்கவனம் வையுங்கள். ஒருவரை ஒருவர் நேசியுங்கள் என்பவை அவற்றின் சாரம். நவம்பர் 14-ல் ஜெனோவாவில் கப்பலேறி, டிசம்பர் 14-ல் புவனோஸ் ஐரிஸ் சேர்ந்தனர்.

எல்லா ஆயத்தமும் இருந்தும் ஒரு சோதனை காத்திருந்தது. 1879-ல் அர்ஜென்டினாப் படை தென்பகுதி ஆதிக்குடிகளை ஒடுக்கச் சென்றபோது, மறைப்பணியாளரும் அப்படையோடு செல்ல நேரிட்டது. வாளின் பின்னால் வரும் சிலுவையை அம்மக்கள் எப்படி நம்புவர்? இக்கேள்வியை வரலாறு மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. நாம் யாருடைய துணையோடு செல்கிறோம், யாருடைய பணத்தில் செல்கிறோம் என்பதை ஏழைகள் உற்றுநோக்குகிறார்கள். அதையும் முன்னரே சிந்திப்பது ஆயத்தத்தின் ஒரு பகுதி.

அந்த அன்பின் அலை நம் கரையையும் தொட்டது. மயிலை ஆயரின் அழைப்பை ஏற்று, 1906 ஜனவரியில் ஜார்ஜ் தொமாத்திஸ் அடிகளார் தலைமையில் சலேசியர் தஞ்சைக்கு வந்தனர். அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது அநாதைச் சிறுவர் இல்லம். மறு ஆண்டு தஞ்சைக்கு வந்த மெதர்லே அடிகளார், 1928-ல் சென்னைப் பேராயராகி, 1934-ல் இம்மண்ணிலேயே கண்மூடினார்.

பிரியமானவர்களே! பெட்டியில் துணிமணி அடுக்குவது எளிது. அங்குள்ள பிள்ளையின் மொழியில் பத்து வார்த்தையேனும் கற்றோமா? அவனுக்குப் பயன்படும் ஒரு தொழில் நம் கையில் உண்டா? சில வாரங்களில் நாம் திரும்பிவிட்டால், ஏற்கெனவே பிரிவை அறிந்த அவன் உள்ளம் மீண்டும் வாடாதபடி, அவனோடு நிலைத்திருப்போருக்குத் துணையாகச் செல்கிறோமா? நம் தெருவில் தாயற்ற பிள்ளை ஒன்று இருக்க, அதன் பெயரையேனும் அறிவோமா?

இக்கேள்விகளுக்கு நம் இல்லத்து அடுப்படியில் விடை தேடுவோம். அங்கே ஆயத்தமானவன் எக்கரையில் இறங்கினாலும் அந்நியனாக இரான். சகாய அன்னை நம் பங்கின் இளையோரை வழிநடத்துவாராக!