ஐ.பி.எம். கிளம்பினப்போ சாவி யார் கையில இருந்தது?

தொப்பூர் கணவாய்ல லாரியை இறக்குறதுக்கு முன்னாடியே பிரேக்கைப் பார்த்துடணும். பாதி இறக்கத்துல மெக்கானிக்கைத் தேடி பிரயோஜனம் இல்ல. கம்ப்யூட்டர் சப்போர்ட்டும் அப்படித்தான்.

1970-கள்ல இந்தியாவுல ஐ.பி.எம். தன்னோட மெஷின்களைப் பெரும்பாலும் வாடகைக்குத்தான் கொடுத்தது. ரிப்பேர் பார்த்ததும் அவங்க ஆளுங்கதான். 1973-ல் வந்த ஃபெரா சட்டத்தின்படி வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கச் சொன்னது அரசு. ஐ.பி.எம். ஒத்துக்கல, 1978-ல் கிளம்பிடுச்சு. இனி மெஷின் நின்னா யாரைக் கூப்பிடுறது?

நல்லவேளை, 1975 டிசம்பர்லயே சி.எம்.சி. என்ற அரசு நிறுவனம் தொடங்கியாச்சு. 800-க்கும் மேற்பட்ட இடங்கள்ல பராமரிப்பை அதுதான் ஏத்துக்கிட்டது. ஐ.பி.எம்.-ல் வேலை பார்த்தவங்க பலர் அதுல சேர்ந்தாங்க. அந்த சி.எம்.சி.யும் 2001-ல் டாடா கைக்குப் போய், 2015-ல் டி.சி.எஸ்.ஸோடு இணைஞ்சிடுச்சு. ஆக, எந்த சப்போர்ட் கம்பெனியும் நிரந்தரம் இல்ல.

இப்போ தொப்பூர் ரோட்டோரம் ஒரு சின்ன லாரி புக்கிங் ஆபீஸை நினைச்சுக்கோங்க. 2018 ஏப்ரல்லேர்ந்து 50,000 ரூபாய்க்கு மேல சரக்கு மாநிலம் தாண்டணும்னா இ-வே பில் வேணும். சிஸ்டம் படுத்தா, லோடும் படுத்துடும்.

அதனால மாசக் கட்டணத்தைக் கடைசியா பேசுங்க. முதல்ல நாலு கேள்வி. கூப்பிட்டா எத்தனை மணி நேரத்துல வருவீங்க, எழுத்துல தருவீங்களா? அட்மின் பாஸ்வேர்டு யார் பேர்ல இருக்கும்? பேக்கப்பை ஒரு தடவை மீட்டுக் காட்டுவீங்களா? நீங்க விலகினா, அடுத்த ஆள்கிட்ட எப்படி ஒப்படைப்பீங்க?

நாலாவது கேள்விக்கு மழுப்பினா, வேற ஆளைப் பாருங்க.