மூன்று லென்ஸைக் குடுத்து ஒன்றை வாங்கலாமா? ஒரு பழைய கேள்வியின் வரலாறு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எண்டு எங்க போனாலும் இப்ப கமரா வைத்திருக்கிற இளம் ஆக்கள் இருக்கினம். அவர்களுக்குள்ள அடிக்கடி வருகிற கதை ஒன்று இருக்கு. கமராவோடு சேர்ந்து வந்த 18-55, தூரத்துக்கு எடுக்கிற 55-250, சின்ன 50 எம்.எம். இந்த மூன்றையும் குடுத்து, மேல கொஞ்சக் காசும் போட்டு, எஃப் 2.8 உள்ள 17-50 மாதிரி நல்ல லென்ஸ் ஒன்றை எடுப்பமா? 2022இல் ரூபாய் விழுந்த பிறகு புது லென்ஸ் வாங்குவது பலருக்குக் கனவாகிப் போனது. அதால மாற்றி எடுக்கிற யோசனை இன்னும் பலமாக வருகுது.

இதை நாங்கள் காசுக் கணக்காகத்தான் பார்க்கிறம். ஆனால் கேள்வி புதிசு இல்லை. புகைப்படம் எடுக்கத் தொடங்கின காலத்திலிருந்தே இது இருக்கு.

1839இல் புகைப்படக்கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டபோது இருந்த லென்ஸுகள் ஏறக்குறைய எஃப் 15 அளவில்தான் வெளிச்சத்தை உள்ள விட்டன. (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிசு.) வெயிலில் நிமிடக்கணக்காக ஆடாமல் இருந்தால்தான் முகம் பதியும். 1840இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணித அறிஞர் எஃப் 3.6 லென்ஸ் ஒன்றைக் கணித்துக் குடுத்தார். வெளிச்சம் பதினைந்து மடங்குக்கு மேல் கூடியது. முகப்படம் ஒரு தொழிலானது. ஆனால் அந்த லென்ஸில் நடுப்பகுதி மட்டும்தான் கூர்மை, ஓரங்கள் மங்கிவிடும். முகத்துக்குச் சரி, கட்டிடத்துக்குச் சரிவராது.

1866இல் லண்டனில் டால்மையரும் மியூனிக்கில் ஸ்டைன்ஹைலும் தனித்தனியாக இன்னொரு லென்ஸைக் கொண்டு வந்தார்கள். அதில் நேர்கோடு நேராகவே விழும், பெரிய கண்ணாடித் தட்டையும் நிரப்பும். ஆனால் எஃப் 8 தான். வெளிச்சத்தை விட்டுக் குடுத்து நேர்த்தியை வாங்கினார்கள். ஆக "நல்ல லென்ஸ்" என்று தனியாக ஒன்று அன்றைக்கும் இருக்கவில்லை. எதுக்கு நல்லது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன ஒருவர் இலங்கையில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஜூலியா மார்கரெட் கமரூன். 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் குடுத்த கமராவோடு இங்கிலாந்தில் தொடங்கினார். அதில் இருந்தது பிரான்சின் ஜாமின் லென்ஸ், பெட்ஸ்வால் வகை. 1866இல் அவர் 15க்கு 12 அங்குலத் தட்டுப் போடும் பெரிய கமராவுக்கும் டால்மையரின் புதிய லென்ஸுக்கும் மாறினார். புதிய லென்ஸ் பழையதைவிட வெளிச்சம் குறைந்தது, முன்னால் இருப்பவர் இன்னும் கனநேரம் அசையாமல் இருக்கவேணும். ஆனாலும் அவருக்குத் தேவைப்பட்டது தட்டை நிரப்புகிற பெரிய முகம். அதுக்காக வேகத்தை விட்டார். தான் என்ன எடுக்கிறார் என்று தெரிந்தவர் செய்த மாற்றம் அது.

1875இல் அவர் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்தார். 1879இல் மலையகத்தில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில். இங்க அவர் எடுத்த படங்களில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கு. களுத்துறை ஊர்ச்சனம், வீட்டில் வேலை செய்தவர்கள், தோட்டத் தொழிலாளர்கள். இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசனுக்கும் டார்வினுக்கும் பெயர் இருக்கு, சரி. அங்க அவருடைய வீட்டு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியருக்கும் பெயர் இருக்கு. இலங்கைப் படங்களில் இருக்கிற எங்கட சனத்துக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. பெரிய கமராவும் நல்ல லென்ஸும் கொண்டு கிட்டப் போன ஒருவரே இந்தப் பெயர்களை எங்களுக்கு விட்டுப் போகவில்லை. கூர்மையால் நிரப்ப முடியாத இடம் அது.

பிறகு சின்னக் கமரா வந்தது. 1925இல் சந்தைக்கு வந்த லைக்காவில் 50 எம்.எம். லென்ஸைக் கழற்றவே முடியாது. கழற்றி மாற்றக்கூடியது 1930இல்தான் வந்தது. மாற்ற வசதி வந்த பிறகும் ஹென்றி கார்ட்டியே பிரெசன் பெரும்பாலும் 50 எம்.எம். ஒன்றோடுதான் உலகம் சுற்றினார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களை எடுத்தவரும் அவர்தான். நிலையான படக் கமராவுக்கான முதல் சூம் லென்ஸ் 1959இல் வந்தது. அதுக்குப் பிறகுதான் நின்ற இடத்தில் நின்றபடி ஆளைக் கிட்டக் கொண்டுவருவது வழக்கமானது.

இனி வன்னிக்கு வருவம். இங்க பல வீடுகளில் இருக்கிற படங்கள் ஸ்டூடியோவில் எடுத்தவை. ஒரு திரை, இரண்டு விளக்கு, ஒரு கமரா. போருக்குள்ள இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போன சனத்தில் பலரிடம் அல்பங்கள் மிஞ்சவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தில் இருந்தபோது, அம்மாக்களின் கைகளில் படங்கள் இருந்தன. பெருப்பித்த சின்ன முகப்படங்கள். கூர்மை போதாது, நிறமும் மங்கியிருக்கும். ஆனால் அது யார் என்று பிடித்திருக்கிற ஆளுக்குத் தெரியும். பெயர் சொல்லுவா, வயது சொல்லுவா, கடைசியாகக் கண்ட இடம் சொல்லுவா.

அந்தக் கொட்டகையை 250 எம்.எம். லென்ஸால் றோட்டுக்கு அங்கால நின்றே எடுக்கலாம். ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை. 17-50 என்றால் கிட்டப் போகவேணும், "அம்மா, எடுக்கட்டோ?" என்று கேட்கவேணும், இருந்து கதைக்கவேணும். ஆனால் எல்லா நேரமும் இப்படி இல்லை. தூரத்தில் நிற்பது சிலவேளை எடுக்கிறவருக்கும் எடுக்கப்படுகிறவருக்கும் பாதுகாப்பு. இதை வன்னியில் இருக்கிற ஆளுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

மற்றக் கணக்கும் உண்மைதான். எஃப் 5.6இலிருந்து 2.8க்குப் போனால் நாலு மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ 6400இல் எடுத்த மண்டபப் படத்தை 1600இல் எடுக்கலாம். கலியாணவீடு, சாமத்தியவீடு, வற்றாப்பளைப் பொங்கல் இரவு எண்டு உழைக்கிற ஆளுக்கு இது சோறு. இரணைமடுவில் பறவை எடுக்கிற ஆளுக்கோ 250ஐக் குடுப்பது கண்ணைக் குடுப்பது மாதிரி.

எனவே என் கருத்து இது. உழைப்பு மண்டபத்துக்குள்ள என்றால் 18-55ஐயும் 55-250ஐயும் குடுங்கோ. 50ஐக் குடுக்காதேங்கோ. பழைய சாமானுக்கு அதுக்குப் பெரிய விலை கிடைக்காது, ஆனால் எஃப் 1.8 வெளிச்சத்தை 2.8 லென்ஸ் தராது. முதலில், போன ஒரு வருடத்தில் எடுத்த படங்களின் விபரத்தைக் கணினியில் திறந்து பாருங்கோ. எத்தனை படம் 55க்கு மேல் எடுத்தது என்று அதில் இருக்கும். மேல எடுத்த ஒவ்வொன்றுக்கும் ஏன் தூர நின்றீர்கள் என்று ஒருக்கா யோசியுங்கோ. பறவை என்றதாலயா, பாதுகாப்பு என்றதாலயா, இல்லாட்டிக் கேட்கக் கூச்சப்பட்டதாலயா? முதல் இரண்டும் என்றால் லென்ஸை வைத்திருங்கோ. மூன்றாவது என்றால் மாற்றலாம்.