ஆகாயத்தில் எவருடைய சட்டம்?

புதுதில்லியிலோ கொல்கத்தாவிலோ உத்தியோகம் பார்க்கும் தமிழன்பர் ஒருவர், பொங்கலுக்கு ஊர் திரும்பச் சென்னை விமானம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழியில் அவருக்குக் கிடைப்பவை தண்ணீர், காப்பி, பழச்சாறு. மதுபானம் கிடையாது. தம் கைப்பையில் கொண்டுவந்ததையும் அவர் அருந்தலாகாது. அதே அன்பர் அடுத்த மாதம் சென்னையிலிருந்து அயல்நாடு செல்கிறார். பறக்கும் உயரம் ஒன்றே, மேகமும் ஒன்றே. ஆயினும் இப்பொழுது பணிப்பெண் அருகில் வந்து, என்ன அருந்துகிறீர்கள் என்று பணிவுடன் கேட்கிறாள். பல விமானங்களில் இது வழக்கம். ஒரே ஆகாயத்தில் இந்த வேற்றுமை எங்ஙனம் வந்தது? இது விருந்தோம்பலின் கதை என்று தோன்றும். உண்மையில் இது எல்லைகளின் கதை.

இக்கதையில் 1948-ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஜூன் 8-ஆம் நாள், ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் ‘மலபார் பிரின்சஸ்’ என்னும் விமானம் பம்பாயிலிருந்து புறப்பட்டு, கெய்ரோ, ஜினீவா வழியாக லண்டன் சேர்ந்தது. அக்டோபர் 2-ஆம் நாள், சென்னை மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு அமலாயிற்று. 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய பணி ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதன்மையமைச்சராயிருந்த காலத்தில் அவ்வாறு நிறைவெய்தியது. இவ்விரண்டிற்கும் இடையே, ஆகஸ்டு 2-ஆம் நாள், நம் நாட்டுக்கு வெகு தொலைவில், அட்லாண்டிக் கடலின் மேல் ஒரு கைகலப்பு நிகழ்ந்தது. முதலிரண்டையும் நாம் நன்கறிவோம். மூன்றாவதை அறிந்தவர் சிலரே. அதனால் அதனைச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன்.

போர்ட்டோ ரீக்கோ தீவின் சான் ஹுவான் நகரிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு விமானம் பறந்துகொண்டிருந்தது. அது அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு உரியது. பயணிகள் இருவர் ரம் குடித்திருந்தனர். போதை தலைக்கேறியதும் இருவருக்கும் சச்சரவு மூண்டு, அது அடிதடியாயிற்று. தெருவில் சண்டை நடந்தால் நம்மவர் கூடிநின்று பார்ப்பதுண்டல்லவா? பயணிகள் அங்கேயும் அதனையே செய்தனர். வேடிக்கை பார்ப்பதற்காகப் பலரும் விமானத்தின் பின்புறம் போய் நெருக்கினர். விமானமோ தெருவன்று, அது தராசைப் போன்றது. வால் கனத்தது, முகம் மேல்நோக்கிற்று, சமநிலை தவறலாயிற்று. விமானி பொறுப்பைத் துணைவிமானியிடம் ஒப்புவித்துவிட்டுச் சண்டையை விலக்க ஓடிவந்தார். குடித்திருந்தவருள் ஒருவர் விமானியின் தோளைக் குருதி வரக் கடித்தார். பணிப்பெண்ணையும் அடித்தார்.

விமானம் நல்லவேளையாகத் தரையிறங்கியது. வழக்கு நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்தது. 1950-இல் தீர்ப்புச் சொல்லப்பட்டது. தாக்கியவர் தாக்கியது மெய்யே என்று நீதிபதி கண்டார். ஆனால் தண்டிக்க இயலவில்லை. நடுக்கடலில் நிகழும் குற்றங்களைத் தண்டிக்க அமெரிக்காவில் சட்டம் உண்டு. அது கப்பலுக்காக எழுதப்பட்ட சட்டம். விமானம் கப்பலாகுமா? ஆகாது. கடலின் மேலுள்ள காற்று கடலாகுமா? அதுவும் ஆகாது. நிலத்தின் சட்டமும் அங்கே எட்டவில்லை, நீரின் சட்டமும் எட்டவில்லை. ஆகவே குற்றம் செய்தவர் விடுபட்டுப் போனார். கடியுண்ட விமானியின் நிலையை எண்ணிப் பாருங்கள். அத்தனை உயிர்களையும் காத்துக் கரைசேர்த்த அவருக்குத் துணைநிற்க உலகில் ஓர் அரசும் இல்லாமற் போயிற்று. அமெரிக்கக் காங்கிரஸ் 1952-இல் சட்டத்தைத் திருத்தி, நடுக்கடல் மீது பறக்கும் தன் நாட்டு விமானங்களையும் அதில் சேர்த்துக்கொண்டது.

மதுவும் விமானமும் அதற்கு முன்பே உறவு பூண்டவை. 1920-இல் அமெரிக்கா நாடு முழுவதும் மதுவிலக்கை மேற்கொண்டது. அவ்வாண்டிலேயே புளோரிடாவின் கீ வெஸ்ட்டிலிருந்து கியூபாவின் ஹவானாவுக்கு ஏரோமரீன் நிறுவனத்தார் நீர்விமானங்கள் ஓட்டினர். தாகம் கொண்ட அமெரிக்கர் கடலைத் தாண்டிப் போய்க் குடித்துவிட்டு, வெறுங்கையராய்த் திரும்புவர். சட்டம் கரையோடு நின்றது. ஆகவே கரையைத் தாண்டினர். 1933-இல் அந்த மதுவிலக்கு நீங்கிற்று. பின்னர், போருக்குப் பிந்திய ஆண்டுகளில், விமானத்திலேயே மது பரிமாறும் போட்டி அமெரிக்க நிறுவனங்களிடையே வளர்ந்தது. அதனை எதிர்த்தவர் யார் என்பது கவனிக்கத்தக்கது. மதகுருமார் எதிர்த்தது வியப்பன்று. விமானிகளும் பணிப்பெண்களும் தத்தம் சங்கங்களின் வாயிலாக எதிர்த்தனர். கிண்ணத்தை நீட்டும் கையே, போதும் நிறுத்துங்கள் என்றது. முழுத்தடை வரவில்லை. 1960-இல் ஒரு விதி வந்தது: விமானத்தார் ஊற்றிக் கொடுப்பதைத் தவிர வேறு மதுவைப் பயணி அருந்தலாகாது, போதையிலிருப்பவருக்கு ஊற்றவும் கூடாது. சான் ஹுவான் விமானத்தின் ரம் புட்டியை அறிந்தவர்களுக்கு இவ்விதியின் பொருள் நன்கு விளங்கும்.

உலகநாடுகள் விழித்துக்கொண்டது 1963-இல். அவ்வாண்டு டோக்கியோவில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. விமானம் எந்நாட்டில் பதிவு செய்யப்பட்டதோ அந்நாட்டின் சட்டம் அதனுள் செல்லும் என்பது அதன் சாரம். அடங்காப் பயணியைக் கட்டி வைக்கவும், இறக்கிவிடவும் விமானத்தலைவருக்கு அதிகாரம் அளித்தது அதுவே. இந்தியா 1975-இல் இதற்கெனச் சட்டம் இயற்றிற்று. எனினும் ஓர் ஓட்டை எஞ்சியிருந்தது. ஒரு நாட்டில் பதிவான விமானம் வேறொரு நாட்டில் இறங்கும்போது, இறங்கிய நாட்டின் போலீசார், இது எங்கள் வழக்கன்று என்று குடிகாரனை அனுப்பிவிட இடமிருந்தது. இதனை அடைக்க 2014-இல் மான்ட்ரியலில் ஒரு துணை உடன்படிக்கை செய்தனர். அது செயலுக்கு வந்த நாள் 2020 ஜனவரி 1.

அரசின் எல்லை ஆகாயத்தில் எத்துணை உயரம் செல்லும் என்பதைப் பற்றி ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலம் 1880-லேயே தன் அரசியலமைப்பில் மதுவிலக்கை எழுதியது. பிற்காலத்தில் அதனைத் தளர்த்தியபோதும், பொது மதுக்கூடங்களுக்கு இருந்த தடையை 1986 வரை விடவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அங்கே தலைமை வழக்கறிஞராயிருந்த வெர்ன் மில்லர், கான்சஸ் வழியாய்ச் செல்லும் ரயில்வண்டியில் மது விற்றவர்களைப் பிடித்தார். அத்துடன் நில்லாமல், கான்சஸுக்கு நேர்மேலே பறக்கும்போது விமானங்களிலும் மது ஊற்றலாகாது என்றார். விமான நிறுவனங்கள் வாதாடிக்கொண்டிராமல் இணங்கிவிட்டன. கோதுமை வயல்களுக்கு மேல் பறக்கும் வரை கிண்ணம் காலியாயிருக்கும்! நகைப்பவர் நகைக்கட்டும். நிலத்தின் சட்டத்தை நம்பினவர் அதன் மேலுள்ள காற்றையும் நம்பியதில் தர்க்கப்பிழை ஒன்றும் எனக்குத் தென்படவில்லை.

நம் நாட்டில் இக்கேள்வி இன்னும் சிக்கலானது. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மதுபானம் மாநிலப் பட்டியலின் 8-ஆம் இனம். விமானமும் விமானநிலையமும் ஒன்றியப் பட்டியலின் 29-ஆம் இனம். சுங்க எல்லையும் ஒன்றியத்தின் பொறுப்பே. கிண்ணம் மாநிலத்தைச் சார்ந்தது. அது வைக்கப்பட்டிருக்கும் விமானம் ஒன்றியத்தைச் சார்ந்தது. தில்லியிலிருந்து சென்னை வருகிற விமானம் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக எத்தனை மாநிலங்களைக் கடக்கிறது! ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு ஆயத்தீர்வை, வெவ்வேறு வயதெல்லை. இவற்றைக் கணக்கிட்டுப் பரிமாறுவதாயின் பணிப்பெண்ணுக்குத் துணையாக ஒரு வழக்கறிஞரையும் ஏற்ற வேண்டிவரும். உள்நாட்டு விமானங்களில் மது இல்லை என்ற விதி இந்தச் சிக்கலுக்கு இடமே வைக்கவில்லை. அதனை நான் குறைகூறமாட்டேன்.

நிலத்திலோ சிக்கல் அப்படியே நின்றது. பம்பாய் மதுவிலக்குச் சட்டம் 1949-இல் வந்தது. அயல்நாட்டு விமானங்கள் வந்திறங்கும் வாயிலாகிய பம்பாயே மது விலக்கிய நகரமாயிற்று. அயல்நாட்டாருக்கு அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது. இச்சட்டத்தை எதிர்த்து பால்சாரா என்பவர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1951-இல் தீர்ப்பளித்தது. மதுச்சத்துக் கலந்த மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் தடுத்த பகுதிகள் செல்லாவென்றும், சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்றும் கூறிற்று. போர்க்கப்பல்களுக்கும் படைக்கப்பல்களுக்கும் தந்திருந்த விலக்கையும் ஏற்றுக்கொண்டது. 1960-இல் பம்பாய் மாநிலம் இரண்டாகப் பிரிந்தபோது, குஜராத் மதுவிலக்கைக் காத்துக்கொண்டது. மகாராஷ்டிரம் நாளடைவில் தளர்த்திக்கொண்டது. ஆமதாபாத்தில் வாழும் நம்மவர்க்கும் மும்பையில் வாழும் நம்மவர்க்கும் இதில் அனுபவம் வேறு வேறாயிருக்கும்.

சுங்கமில்லாக் கடையின் பிறப்பும் எல்லைத் தந்திரத்தால் விளைந்ததே. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்கள் அக்காலத்தில் எண்ணெய் நிரப்ப அயர்லாந்தில் இறங்கும். முதலில் நீர்விமானங்களுக்கு ஃபாய்ன்ஸ், பின்னர் அருகிலுள்ள ஷானன். ஃபாய்ன்ஸில் ஷெரிடன் என்னும் சமையற்காரர் குளிரில் நடுங்கிய பயணிகளுக்குக் காப்பியில் விஸ்கி ஊற்றிக் கொடுத்தார். கும்பகோணத்தார் இதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வர். ஆனால் உலகம் அதனை ‘ஐரிஷ் காப்பி’ என்று கொண்டாடுகிறது. ஷானனில் 1947-இல் பிரெண்டன் ஓ’ரீகன் முதல் சுங்கமில்லாக் கடையைத் திறந்தார். அயர்லாந்து அதற்கென அவ்வாண்டில் ஒரு சட்டமே இயற்றியது. பயணியின் கால் அயர்லாந்து மண்ணில் இருக்கிறது; சட்டப்படி அவர் இன்னும் நாட்டுக்குள் வரவில்லை. வராதவரிடம் வரி எப்படிக் கேட்பது? இன்று நம் விமானநிலையங்களில் பளபளக்கும் புட்டி வரிசைகள் யாவும் அந்த நுட்பத்தின் வழித்தோன்றல்கள். 2016-ஆம் ஆண்டின் பயணமூட்டை விதிகள் வந்திறங்குவோருக்கு 2 லிட்டர் வரை தீர்வையின்றி அனுமதித்தன.

உடலுக்கு மட்டும் எந்த அரசும் சலுகை தருவதில்லை. பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதைப் போன்றது. உதகமண்டலத்தில் இருப்பதற்கு ஒப்பு. ஜெர்மன் ஆராய்ச்சியாளர் 2024-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இளமையும் உடல்நலமும் உடைய 48 பேரைச் சோதித்தனர். அத்தகைய காற்றழுத்தத்தில் மது அருந்தி உறங்கியவர்களுக்குக் குருதியின் பிராணவாயு அளவு 85 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 88 வரை ஏறிற்று. இதயநோய் உடைய பெரியவர்கள் இக்கணக்கை நினைவில் வைப்பது நலம்.

2022 நவம்பர் 26-ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து தில்லிக்கு வந்த விமானத்தில், மது அருந்தியிருந்த பயணி ஒருவர் முதிய பெண்மணி ஒருவர் மீது சிறுநீர் கழித்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அவர் அதனை மறுத்தார். நாட்டையே உலுக்கிய அச்செய்தி, நிகழ்ந்து ஒரு மாதத்திற்கு மேலான பின்னரே வெளியில் தெரியவந்தது. 2023 ஜனவரியில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. இத்தகைய பயணிகளை எப்படி நடத்துவது என்பதற்கு 2017-இலேயே விதி வகுத்திருந்தனர். விமானத்தலைவர் புகார் எழுத வேண்டும். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியைத் தலைவராகக் கொண்ட குழு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். வாய்ச்சொல்லுக்கு 3 மாதம் வரை, கைநீட்டினால் 6 மாதம் வரை, உயிருக்கு ஊறு செய்யத் துணிந்தால் 2 ஆண்டுக்குக் குறையாமல் பறக்கத் தடை. எந்த நாட்டின் மேல், எந்தக் கடலின் மேல் நிகழ்ந்தது என்ற கேள்வியை அக்குழு கேட்பதில்லை. விமானத்தலைவர் எழுதிக் கொடுத்த தாளை முன்வைத்து விசாரணையைத் தொடங்கிவிடுகிறது.