ஒளி பொருளாகும் விதம்

மரக்காணத்து அளங்களில் உப்பு விளைகிறது என்கிறோம். கோடை வெயில் பாத்தி நீரை உறிஞ்சியபின் வெண்பரல்கள் எஞ்சுவதைக் காண்பவர்க்கு, ஒளியே உப்பாயிற்றோ எனத் தோன்றும். ஆயினும் அவ்வுப்பு கடல்நீரில் முன்னரே இருந்தது. வெயில் நீரை அகற்றியதேயன்றிப் புதிதாக எதையும் ஆக்கவில்லை. ஆற்றல் உண்மையாகவே பொருளாகும் நிகழ்ச்சி அவ்வளங்களுக்கு மேலே, உயர்வானில் ஓயாது நடைபெறுகிறது.

நிறையும் ஆற்றலின் ஒரு வடிவமே என 1905-இல் ஐன்ஸ்டைன் காட்டினார். அச்சமன்பாட்டை ஹிரோஷிமாவின் சாம்பலோடு சேர்த்தே நாம் நினைக்கப் பழகிவிட்டோம். அழிவே அதன் முழுச் செய்தி போலும்! மறுதிசை மாற்றமோ அணுகுண்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே அறியப்பட்டுவிட்டது.

அதற்கு வழி திறந்தவை அண்டக்கதிர்கள். 1910-இல் தியோடர் வுல்ஃப் என்னும் இயேசு சபைக் குரு, தாம் வடிவமைத்த மின்மானியுடன் பாரிஸ் ஈஃபில் கோபுரத்தின் மேலேறினார். மண்ணிலிருந்து எழுவதாகக் கருதப்பட்ட கதிர்வீச்சு, உயரே எதிர்பார்த்த அளவு குறையவில்லை. 1912-இல் பலூனில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் பறந்த விக்டர் ஹெஸ், அது வானிலிருந்தே வருகிறதென நிறுவினார். அக்கதிர்களின் தடங்களில் 1932-இல் ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்டார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜில் பிளாக்கெட்டும் ஒக்கியாலினியும் அதன் பிறப்பை விளக்கினர்: அணுக்கருவின் அருகே காமாக் கதிர் மறைய, எலெக்ட்ரானும் பாசிட்ரானும் இணையாகத் தோன்றுகின்றன. இதற்குக் குறைந்தது 10.2 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். கண்ணுக்குப் புலனாகும் ஒளித்துகள் ஒன்றிடம் இருப்பதோ இரண்டு மூன்று வோல்ட்டே. பாத்தியில் எத்தனை யுகம் வெயில் காய்ந்தாலும் இவ்வாறு ஓர் எலெக்ட்ரானும் பிறவாது.

நம் நாட்டின் ஹோமி பாபா இவ்வரலாற்றில் நுழைவது இங்கேதான். பிறந்த இணை காற்றின் அணுக்கருக்களால் வேகம் தடைப்படும்போது மீண்டும் காமாக் கதிரை உமிழும். அக்கதிர் மீண்டும் இணையாகும். ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய், ஆற்றல் பங்கிடப்பட்டுத் தேயும்வரை பெருகும் இத்துகள் மழையை 1937-இல் அவரும் வால்ட்டர் ஹைட்லரும் கணக்கிட்டுக் காட்டினர். 1939-இல் விடுமுறைக்குத் தாயகம் வந்திருந்த பாபா, போர் மூண்டதால் பெங்களூரில் தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். இங்கிலாந்துக்குத் திரும்பியிருப்பின் நமக்கு எவ்வளவு இழப்பு! 1945-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் அவர் முயற்சியால் உருவாயிற்று.

அக்கழகம் உதகமண்டலத்தில், ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், கிரேப்ஸ்-3 என்னும் ஆய்வுக்கூடத்தை அமைத்தது. அங்கே மலைச்சரிவில் பரப்பப்பட்ட சுமார் நானூறு உணர்கருவிகள், இரவு பகலாக வீழும் அம்மழையின் துகள்களை எண்ணுவதற்கென்றே நிற்கின்றன.