மொழிமுதற் கணமும் கணினியும்

தமிழிலக்கண நூலார் ஒரு பொருளை வரையறுக்குமிடத்து, அதற்குரிய உறுப்புகளை எண்ணி எல்லை கட்டுதலைப் பெரிதும் மேற்கொண்டனர். ஞகரத்தில் முடியும் சொல் ஒன்று, நகரத்தில் முடிவன இரண்டு, வகரத்தில் முடிவன நான்கு எனத் தொல்காப்பியர் கணக்கிட்டுரைத்தல் இம்முறை பற்றியதே. இவ்வாறு எல்லை கட்டப்பெற்ற தொகுதியையே கணிதர் கணம் என வழங்குவர். கணக் கோட்பாடு செருமானிய அறிஞர் காண்டர் 1874ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையோடு தோன்றியது என்பது கணித வரலாற்றாசிரியர் பலர் கொள்கை. அதனைக் கணினி மொழிகள் ஏற்ற வரலாறும், நம் இலக்கண ஆராய்ச்சிக்கு அதனாலாகும் பயனும், அதனுள் மறைந்து கிடக்கும் பிழையும் ஈண்டு ஆராயப்பெறும்.

நியூயார்க்குப் பல்கலைக்கழகத்தில் சுவார்ட்சு என்பார் 1960களின் இறுதியில் வகுத்த செட்டல் என்னும் மொழி, கணத்தையே தனக்கு அடிப்படையாகக் கொண்டது. 1970இல் விர்த்து வெளியிட்ட பாஸ்கல் மொழியிலும் கணம் ஒரு தரவு வகையாக இடம்பெற்றது. ஆயின், அம்மொழி முதலில் இயங்கிய சிடிசி 6000 வகைக் கணினியில் ஒரு கணத்துள் 59 உறுப்புகளே அடங்கின. தொல்காப்பியரின் மொழிமுதல் எழுத்துகளை அஃது ஒரு கணமாகத் தாங்கியிராது. செட்டலின் செல்வாக்கு ஏபிசி என்னும் மொழி வழியாகப் பைத்தானை அடைந்தது. பைத்தானில் 2003ஆம் ஆண்டு துணைத் தொகுப்பாக வந்த கணம், மறு ஆண்டே மொழியின் உள்ளமைந்த வகையாயிற்று. அதன் இயல்பு எளிது. ஓருறுப்பு இருமுறை இடம்பெறாது. உறுப்புகளுக்கு வரிசையும் இல்லை. இரு கணங்களைச் சேர்க்கலாம். பொதுவுறுப்புகளை மட்டும் வெட்டியெடுக்கலாம். ஒன்றினின்று மற்றொன்றை நீக்கி எஞ்சியவற்றைக் காணலாம்.

இறுதியிற் கூறிய வேறுபாடு காணலே நமக்கு மிகவும் பயன்படுவது. தொல்காப்பியத்தின்படி உயிர் 12, க, த, ந, ப, ம என்னும் ஐந்தும் எல்லா உயிரொடும் கூடி 60, சகரம் அ, ஐ, ஔ நீங்கலாக 9, வகரம் உ, ஊ, ஒ, ஓ நீங்கலாக 8, ஞகரம் 3, யகரம் ஆகாரத்தொடு மட்டும் 1, ஆக 93 எழுத்துகள் மொழிமுதலாகும். நுந்தை என்னும் முறைப்பெயரின் குற்றியலுகரத்தைச் சேர்த்து 94 என்பர். ஒலியால் வேறாகிய அதனைத் தனியுறுப்பாகக் கொள்வதா, வடிவு பற்றி நுகரத்துள் அடக்குவதா என்பது வேறு வினா. சீயகங்கன் வேண்டப் பவணந்தியார் இயற்றிய நன்னூலில் இத்தொகை 103 ஆகின்றது. நன்னூற் கணத்தினின்று தொல்காப்பியக் கணத்தை நீக்கின் எஞ்சுவன ச, சை, சௌ, ய, யு, யூ, யோ, யௌ, ஞ, ங என்னும் பத்து. தொல்காப்பியக் கணத்தில் இருந்து நன்னூலில் விடுபட்டது ஒன்றேனும் இல்லை.

இப்பத்தும் பிற்காலத்துப் புதியன எனத் துணிதற்கு இடமின்மை நோக்கத்தக்கது. சகடம் புறநானூற்றில் 102ஆம் பாட்டிலும், யூபம் அந்நூலின் 15ஆம் பாட்டிலும், யவனர் அகநானூற்றில் 149ஆம் பாட்டிலும் வந்துள்ளன. ஞமலியும் சங்கச் செய்யுளிற் பயின்ற சொல்லே. தொல்காப்பியம் இப்பாட்டுகளுக்கு முற்பட்டது என்பார்க்கு இவை சான்றாகும். வேற்றுமொழிச் சொற்களை ஆசிரியர் கருதிற்றிலர் என்பார்க்கு யவனரும் யூபமும் இடர் தாரா; ஞமலி தரும். சகரத்திற்கு ஔகாரம் ஒன்றையே விலக்கும் பாடத்தைக் கொள்வாரும் உளர். அப்பாடத்தின்படி 93 என்பது 95 ஆகும். பத்து எட்டாகக் குறையும். சகடமும் விதிக்குள் அடங்கிவிடும். ஆதலின் காலவாராய்ச்சியில் இவ்வேறுபாட்டுக் கணத்தின் உறுப்பு ஒவ்வொன்றும் எடையுடையது.

இங்குத்தான் கணினி நம்மை ஏமாற்றுகின்றது. 1991இல் முதற்பதிப்பு வெளிவந்த ஒருங்குறி முறையில் அகரமேறிய மெய்க்கு ஒரு குறியீடும், உயிர்க்குறிகளுக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியீடுகளும் வகுக்கப்பெற்றன. பழனி மலைத்தொடரில் கொடைக்கானலை அடுத்து, அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அமைந்துள்ள அட்டுவம்பட்டியின் பெயரையே கொள்வோம். நம் கணக்கில் இப்பெயர்க்கு எழுத்து எட்டு. டகரமெய் இருமுறை வருதலின் கணமாக்கின் உறுப்பு ஏழு. பைத்தானுக்கோ இது 13 குறியீடுகளின் தொடர். கணமாக்கின், புள்ளியும் உயிர்க்குறிகளும் தனியுறுப்புகளாக நிற்க, எட்டு.

இவ்வேறுபாட்டைக் கருதாது, சொல்லின் முதற்குறியீட்டையே முதலெழுத்தெனக் கொண்டு இரு நூல்களின் கணங்களையும் அமைப்பின் விளைவு யாது? ச, சா, சி யாவும் ஒரே சகரமாகிவிடும். தொல்காப்பியக் கணம் 21, நன்னூற்கணம் 22 எனச் சுருங்கும். வேறுபாட்டில் எஞ்சுவது ஙகரம் ஒன்றே. அதுவோ சுட்டு வினாக்களின் வழியன்றி வாராமையின் மொழிமுதலாதல் ஐயுறவுக்கு இடமானது! வழக்காற்றிற்குரிய ஒன்பதும் மறைந்து, வழக்கரிய ஒன்றே எஞ்சும். நிரலில் பிழையில்லாமையால் கணினி எச்சரிக்கையும் தாராது.

இதற்கு மாறான பிழையும் உண்டு. கொகரத்தை ககரமும் ஒகரக்குறியுமாக இரு குறியீட்டாலும் எழுதலாம். எகரக்குறியையும் காலையும் பிரித்து மூன்றாலும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகிய இவை கணத்துள் இரண்டாகும். ஆதலின் முதற்கண் குறியீடுகளை ஒருநிலைப்படுத்தி, அதன்பின் மெய்யையும் அதனையடுத்த குறியையும் ஓரெழுத்தாகக் கூட்டி, அவ்வெழுத்துகளையே கணத்தில் இடுதல் வேண்டும்.

எழுத்துக்கு முன் சொல்லும் பிரிக்கப்பெறுதல் இன்றியமையாதது. புணர்ச்சியில் மறைந்த முதலெழுத்தைக் குறியீட்டு நிரல் காட்டாது. 1962இல் திருவனந்தபுரத்தினின்று வ.அய். சுப்பிரமணியம் வெளியிட்ட புறநானூற்றுச் சொல்லடைவும், புதுச்சேரிப் பிரஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை வெளியிட்ட பழந்தமிழ்ச் சொல்லடைவும் இத்துறையில் முன்னோடிகளாம். மேற்கூறிய பத்தெழுத்துக் கணத்தையும் பாடவேறுபாட்டால் வரும் எட்டெழுத்துக் கணத்தையும் தனித்தனியே அமைத்து, இவ்வடைவுகளின் முதலெழுத்துக் கணத்தொடு நூல்தோறும் வெட்டிப் பார்த்தல் வேண்டும். கலித்தொகையும் பரிபாடலும் ஏனைத் தொகைகளினும் பிற்பட்டன என வையாபுரிப் பிள்ளை கொண்ட கருத்தை, அவற்றில் இவ்வெழுத்துகள் மிக்குள்ளனவா என்னும் ஒரு நோக்கிலேனும் அவ்வொப்பீட்டால் மீண்டும் ஆராயலாம்.